வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு ஆள் இல்லை

தாதியாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வாய்த்த மேலதிகாரிகளில் நல்லவர்கள் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர்கள் மிகக் கொஞ்சம். மற்றவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் தாள் போதாது, என் பிரஷரும் ஏறும். ஆகவே நல்லவர்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் வாய்த்தவர் ஒரு வார்டு சிஸ்டர். பாண்டிருப்பில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும், எனக்கு அதிலும் கொஞ்சம் கூட. ஒருநாள் நோயாளி ஒருவரின் புருஷனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் விட்டு, "இதுக்க நிண்டு கத்து பிள்ள. முடிஞ்சதும் வெளியால வா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் நின்ற எனக்குக் கத்த வாய் வரவில்லை. இன்றைக்கும் கோபம் வந்தால் அந்த மாதிரி ஓர் அறையைத் தேடிப் போகிறேன்.

பிறகு வந்த மேட்றன், யாராவது பிந்தி வந்தால் "ஏன் பிந்தின?" என்று கேட்க மாட்டார். "சாப்பிட்டயா?" என்றுதான் கேட்பார். அதற்குப் பிறகு பிந்தி வர யாருக்கு மனம் வரும்? இவையெல்லாம் கைக்கு அடக்கமான பாடங்கள். கற்றுக்கொண்டேன், பாவித்தேன், என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

மூன்றாமவர் விஷயம் அப்படியல்ல. அவரிடம் நான் பாடம் படித்தேன் என்று சொல்வது பொய். அவர் செய்ததைப் பார்த்து அதிர்ந்து போனேன், அவ்வளவுதான். அந்த அதிர்ச்சி இன்னும் முழுதாய் விட்டுப்போகவில்லை.

அப்போது நான் எங்கள் கரையோரத்தில் ஒரு வைத்தியசாலையில் இருந்தேன். எது என்று கேட்க வேண்டாம். அதன் அத்தியட்சகர், வைத்தியசாலைக்கே பொறுப்பானவர், ஒரு பெண் டொக்டர், கல்முனைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். நாங்கள் மெடம் என்போம், தாதிகளான எங்களை எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள். கட்டையான உருவம், ஆனால் நடக்கும்போது கூடவே ஓடினால்தான் அவரோடு கதைக்கலாம். பகலில் வெளிக்கிட்டால் ஏதாவதொரு வார்டுக்குள் வந்து, எங்களோடு இருந்து, எங்கள் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, "சீனி கூட" என்று குறை சொல்லிவிட்டுப் போவார்.

எங்கள் வைத்தியசாலையில் பாதிப் பேர் முஸ்லிம்கள், பாதிப் பேர் தமிழர்கள். அங்கே ஒரு பழக்கம் இருந்தது, யார் தொடங்கியது என்று தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் முஸ்லிம் ஆண்கள் பள்ளிக்குப் போவார்கள், அவர்களுடைய இடத்தில் தமிழர்கள் நிற்பார்கள். பொங்கல், தீபாவளி, கோயில் திருவிழா என்றால் தமிழர்களுடைய இடத்தில் முஸ்லிம்கள் நிற்பார்கள். நோன்பு திறக்கும் நேரம் வந்தால் நான் அடுத்த வார்டையும் சேர்த்துப் பார்ப்பேன், எனக்கு ஒரு கோப்பை கஞ்சி வந்துவிடும். கடமைப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கும், கதிரையில் வேறு ஆள் இருப்பார். வெளியிலிருந்து அதிகாரிகள் வந்தால் மெடம் இதைப் பெருமையாகச் சொல்லிக் காட்டுவார். எனக்கும் பெருமைதான்.

எங்கள் ஜெனரேட்டர் கரண்ட் போனால் தானாக வேலை செய்யாது. தானாக இயக்கும் பகுதி பழுதாகிப் பல மாதம், பாகம் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆள் நின்று கையால் இயக்க வேண்டும். அந்த வேலைக்கு இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் முஸ்லிம், ஒருவர் தமிழர். இருவரும் உற்ற சிநேகிதர்கள், ஒரே மோட்டார் சைக்கிளில் திரிவார்கள்.

அந்த வருடம் ஆடி அமாவாசை ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது.

முஸ்லிம் ஜெனரேட்டர்காரர் வழமைபோல் அறையைப் பூட்டிவிட்டு ஜும்ஆவுக்குப் போனார். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குச் சிநேகிதன் வந்து திறப்பான் என்பது அவருக்குச் சூரியன் உதிப்பது போல நிச்சயம். சிநேகிதனோ அந்த வருடம் தகப்பனை இழந்தவர். தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுக்கும் முதல் ஆடி அமாவாசை, திருக்கோவில் கடலில் தீர்த்தமாடப் போயிருந்தார். இன்றைக்கு நம்முடைய நாள், அவன் நிற்பான் என்பது அவருடைய நிச்சயம். இருவரிடமும் அந்தப் பூட்டின் திறப்பு, சாவி, இருந்தது. ஒருவர் பள்ளியில், ஒருவர் கடலில்.

நான் குழந்தைகள் பிரிவில் நின்றேன். அங்கே ஒரு பெண் குழந்தை. பிறக்கும்போதே பனிக்குடத்து அழுக்குத் தண்ணீரை விழுங்கி, மூச்சுக்குக் கஷ்டப்பட்டு, மெஷினின் உதவியோடு இழுத்துக்கொண்டிருந்தாள். தாய்க்கு அதுதான் முதல் பிள்ளை, பக்கத்து வார்டில் படுத்திருந்தாள். தகப்பன் கல்முனைச் சந்தையில் மீன் யாவாரம் செய்பவர்.

கரண்ட் போனது. அது எங்களுக்குப் புதிதல்ல. ஜெனரேட்டர் உறுமும் சத்தத்துக்காகக் காத்து நின்றேன். சத்தம் வரவில்லை. மெஷினின் எச்சரிக்கை ஒலி மட்டும் கீச்சிட்டு, அதுவும் ஓய்ந்தது. முகமூடியும் அமுக்கும் காற்றுப் பையும் எடுத்துக் குழந்தைக்குக் கையால் காற்று ஊதத் தொடங்கினேன். கூட உதவிக்கு நின்ற அற்றண்டன் பெண்ணை ஜெனரேட்டர் அறைக்கு ஓடிப் பார்க்கச் சொன்னேன். அவள் போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"மிஸ்ஸி, பூட்டிக் கிடக்கு. ஒருத்தருமில்ல."

ஊதிக்கொண்டே இருந்தேன். குழந்தையின் உதடு நீலமானது, பிறகு நகம், பிறகு முகமே நிறம் மாறியது. ஒக்சிசன் சிலிண்டரைத் திறந்து கொடுக்கச் சொல்லி அற்றண்டனிடம் கத்தினேன், அவள் திருகிப் பார்த்தும் திறக்க முடியாமல் அழுதாள். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சின்ன நெஞ்சுதான்.

வெளியில் இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம் கேட்டது. மெடம் தோட்டக்காரர் குழி தோண்டும் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய், காவலாளி கைவைக்கும் முன் தானே ஜெனரேட்டர் அறையின் பூட்டை உடைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். காவலாளி இயக்கினார். வெளிச்சம் வந்தது. மெஷின் வேலை செய்தது. குழந்தையின் நிறம் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் அவள் அழவில்லை, கையைக் காலை அசைக்கவில்லை, கண் ஒரு பக்கமாகவே போனது.

மெடம் வந்து குழந்தையைச் சோதித்தார். தலையில் முக்காடு குலைந்து, கையில் துரு ஒட்டியிருந்தது. மட்டக்களப்புக்கு உடனே கொண்டு போக வேண்டும் என்றார். மூச்சுத் தடைப்பட்ட பிள்ளையின் மூளையைக் காப்பாற்றச் சிகிச்சை உண்டு, ஆனால் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்க வேண்டும்.

அதற்குள் எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் வந்துவிட்டார். நல்ல மனிதர், எங்கள் எல்லோரையும் காப்பாற்ற நினைத்தவர். கதவோரம் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மெடம், கரண்ட் போன எண்டு மட்டும் சொல்லுவம். அது பொய்யில்லயே. இந்தப் புள்ள முதல்லயே மூச்சுக்குக் கஷ்டப்பட்ட புள்ளதானே. இது வெளியால போனா ரெண்டு ஊரும் அடிபடும்."

உண்மையைச் சொன்னால், எனக்கு அவர் சொன்னது சரியாகவே பட்டது. இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பயம் விளங்கும். சந்தையில் இரண்டு பேர் தராசுக்காகச் சண்டை பிடித்தாலே பின்னேரம் இரண்டு ஊர்ச் சண்டையாகிவிடும். இறந்து கொண்டிருப்பது ஒரு முஸ்லிம் குழந்தை, வராமல் போனவர்களில் ஒருவர் தமிழர், பக்கத்தில் நின்றது தமிழ்த் தாதி. என் பெயரும் அதில் இழுபடும் என்று மனம் கணக்குப் போட்டது.

தாயும் தகப்பனும் வந்து குழந்தையின் அருகில் நின்றார்கள். தகப்பன் ஜும்ஆ முடிந்து நேரே வந்திருந்தார், தொப்பி இன்னும் தலையில் இருந்தது. அவர்களை வெளியே அனுப்பிவிட்டு மெடம் மட்டக்களப்புக்குப் போன் எடுப்பார் என்று நினைத்தேன்.

"மிஸ்ஸி, என்ட போன எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க. எனக்குக் கை காலியில்ல" என்றார், குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே.

"மெடம், ஆக்கள் நிக்கிறாங்க" என்றேன்.

"நிக்கட்டும்."

நான் போட்டேன். அந்தப் பக்கம் குழந்தை டொக்டர் பேசினார். மெடம் குழந்தையின் நிலையைச் சொன்னார். ஏன் இப்படி ஆனது என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"கரண்ட் போன நேரம் ஜெனரேட்டர் போட ஆள் இல்ல. மெஷின் நிண்டிட்டு. எங்கட மிஸ்ஸி கையால ஊதியிரிக்கா, ஆனா புள்ள நல்லா நீலமாப் போய்த்தான் திரும்பியிரிக்கி."

"ஜெனரேட்டருக்கு ஆள் இல்லையா, மெடம்?" என்று அந்தப் பக்கம் திரும்பக் கேட்டார்.

"இல்ல. எங்கட பிழ. நீங்க அதுக்கு ஏத்த மாதிரி எல்லாத்தயும் ஆயத்தமா வைங்க."

இத்தனை வருட வேலையில் ஒரு வைத்தியசாலைக்குள் "எங்கட பிழ" என்ற அந்த இரண்டு சொல்லையும் ஒரு பெரிய டொக்டர் வாயால் நான் கேட்டதே இல்லை. அதுவும் பெற்றவர்களுக்கு முன்னால். நிர்வாக உத்தியோகத்தர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மெடத்துக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக.

தகப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

"ஆள் இல்லாமப் போனது ஆரு? தமிழனா, நம்மட ஆளா?"

நான் மெடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் குழந்தையை விட்டு நிமிர்ந்து, அந்த மனிதனின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு பேரும்தான் தம்பி. ஒருத்தர் உங்களோட பள்ளியில தொழுதிட்டு நிண்டாரு. மத்தவர் மவுத்தாப் போன தகப்பனுக்காகக் கடலுக்குப் போயிருந்தாரு. ஒராளுக்கு ஒராள் நிப்பாங்க எண்டு ரெண்டு பேரும் நெனச்சிட்டாங்க. இஞ்ச அப்படித்தான் நடக்கும், அது எனக்குத் தெரியும். நல்ல பழக்கம் எண்டு நானே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். ரெண்டு பேர்ட நாளும் ஒண்டா வந்தா என்ன நடக்கும் எண்டு யோசிக்கல்ல. யோசிக்கிறது என்ட வேல."

தகப்பன் பக்கத்திலிருந்த ஸ்டூலை உதைத்தார். அது போய்ச் சுவரில் மோதியது. "உங்கள சும்மா உடமாட்டன்" என்றார், குரல் உடைந்து.

"உடாதீங்க தம்பி. எங்க முறைப்பாடு குடுக்கிற எண்டும் நான் சொல்லித் தாறன். இப்ப ஆம்புலன்ஸ்ல ஏறுங்க."

சண்டைக்கு நிற்கிறவரிடம் இப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? தாய்தான் அவரின் கையைப் பிடித்து இழுத்தாள். பிரசவித்து மூன்று நாள்கூட ஆகாத பெண். "வாங்க போவம். புள்ளயப் பாப்பம்" என்றாள்.

குழந்தையோடு நான்தான் போனேன். வழி முழுக்க எனக்கு மெடத்தின் மேல் கோபம். எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று உள்ளுக்குள் பொருமினேன். விரிப்பு அறையும் இல்லை, கத்தவும் வழி இல்லை. எதிரில் இருந்த தகப்பன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மட்டக்களப்பில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்ததும் அங்கே நாலைந்து பேர் தயாராக நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றையும் தேடவில்லை. குழந்தையை வாங்கிய கையோடு சிகிச்சை தொடங்கிவிட்டது. குழந்தை டொக்டர் என்னிடம் வந்து, "மூச்சுக் கஷ்டம் எண்டு மட்டும் சொல்லி அனுப்பியிருந்தா நாங்க மூளைக்கான சிகிச்சைய யோசிக்கவே நேரம் போயிருக்கும், மிஸ்ஸி" என்றார். நான் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன். கரண்ட் போனது என்று மட்டும் சொல்வோம் என்பது எனக்கும் சரியாகப் பட்ட யோசனை. அந்தப் பொய்யில்லாத வார்த்தை குழந்தையை என்ன செய்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

தகப்பன் முறைப்பாடு கொடுத்தார். மெடம் சொல்லிக் கொடுத்த இடத்திலேயே கொடுத்தார். விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்கு ஜெனரேட்டருக்கு யார் பொறுப்பு என்று கேட்டதற்கு முஸ்லிம் ஜெனரேட்டர்காரர், "நான்தான் சேர். பட்டியல்ல என்ட பேர்தான் இரிக்கி" என்றார். தமிழர், "இல்ல சேர், நான்தான். வெள்ளிக்கிழமை பகல் எப்பயும் நான்தான்" என்றார். ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதைக் கேட்டுப் பழகிய அந்த அதிகாரிக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊரில் கதை பரவத்தான் செய்தது. முகநூலிலும் போட்டார்கள். ஆனால் இரண்டு பேரும் போயிருந்தார்கள், எங்கே போயிருந்தார்கள் என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், எந்த ஊர்க்காரனுக்கும் மற்ற ஊர்க்காரனைச் சொல்லி ஏச வழி கிடைக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து மெடத்தை ஏசினார்கள்.

இனி யாரும் தொழுகைக்கோ கோயிலுக்கோ கடமை நேரத்தில் போகக்கூடாது என்று உத்தரவு வரும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். மெடம் எங்களைக் கூப்பிட்டு, "போங்க. போகாதீங்க எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா திறப்பு ஆள்ட கையில இரிந்து ஆள்ட கைக்குப் போகணும். மற்றவன்ட மூஞ்சயப் பாத்துக் குடுத்திட்டுத்தான் கால் வெளியால போகணும்" என்றார். இரண்டு திறப்பில் ஒன்றைத் தன் அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். பெரிய உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பழக்கம் இன்றைக்கும் அங்கே உயிரோடு இருக்கிறது.

சில மாதங்களில் மெடத்துக்கு இடமாற்றம் வந்தது. நோயாளிகள் வராத ஏதோ ஓர் அலுவலகத்தில், மேசையும் கதிரையும் உள்ள வேலை. தண்டனைதான், சொல்லத்தான் ஒருவருமில்லை. எனக்குக் கொதித்தது. உண்மையைச் சொன்னவருக்கு இதுவா என்று அவரிடமே கேட்டேன். "ஆள் இல்லாமப் போனதுக்கு இது மிச்சம் கொறைவு மிஸ்ஸி" என்றார். அதற்கு மேல் கதைக்க விடவில்லை.

அவர் போகிற நாளன்று, சாமான்கள் ஏற்றிய வாகனத்துக்கு முன்னால் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அந்தத் தாய் வாசல் படலையைத் திறந்துகொண்டு வந்தாள், தோளில் குழந்தை. மட்டக்களப்பில் கிளினிக் காட்டிவிட்டு வரும் வழியாம். கூட வந்த தகப்பன் படலைக்கு வெளியிலேயே மோட்டார் சைக்கிளில் இருந்தார், உள்ளே வரவில்லை. தாய் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே மெடத்திடம் வந்து குழந்தையை நீட்டினாள்.

"மெடம், அங்க எல்லாரும் புள்ள நல்லா வருவாள், ஓடுவாள், பாடுவாள், பயப்படாதீங்க எண்டு சொல்றாங்க. வீட்டயும் அப்படித்தான். எனக்கு ஒருத்தர்ட கதயிலயும் நம்பிக்க வருகுதில்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

மெடம் கைப்பையை நிலத்தில் வைத்தார். குழந்தையை வாங்கி வாகனத்தின் முன் மூடியில் தன் சால்வையை விரித்துக் கிடத்தினார். விரலைக் கொடுத்தார், குழந்தை பிடித்தாள். முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினார், கண் தொடர்ந்து வந்தது. காலை மடக்கி நீட்டினார், திருப்பிக் கிடத்தினார், தலையைத் தூக்குகிறாளா என்று குனிந்து பார்த்தார். வாகனக்காரர் நேரமாகிறது என்று ஹோர்ன் அடித்தார், மெடம் திரும்பவில்லை. ஓடுவாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஓடுவாளா எண்டு எனக்குத் தெரியாது மகள்" என்றார் மெடம். "அது இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. இண்டைக்கி இந்த வயசுப் புள்ள என்னென்ன செய்யணுமோ, அவ்வளவும் செய்யிறாள். ஒண்டும் கொறயில்ல. இண்டைக்கி நல்லா இரிக்காள்."

தாய் அப்படியே நிலத்தில் குந்திக்கொண்டு, முக்காட்டால் முகத்தைப் பொத்தி, விம்மி விம்மி அழுதாள். படலைக்கு வெளியில் இருந்த தகப்பன் மோட்டார் சைக்கிளை விட்டிறங்கி ஓடி வந்தார், என்னவோ கெட்டது நடந்துவிட்டது என்று நினைத்து. அவள் தலையை நிமிர்த்தி அவரிடம் சொன்னாள்.

"புள்ள நல்லா இரிக்காளாம். மெடம் சொன்னாங்க."